ஸ்கேனில் தெரியாத அப்பெண்டிக்ஸ் கைக்குத் தெரியுமா?

கேள்வி இதுதான்: "என் தம்பிக்கு 22 வயது. நேற்று ராத்திரியிலிருந்து வயிற்று வலி. அப்பெண்டிக்ஸாக இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை' என்று போட்டிருக்கிறது. ஆனாலும் சர்ஜன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு அட்மிட் ஆகச் சொல்லிவிட்டார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து திரும்பவும் அழுத்திப் பார்க்கிறார். மெஷினில் தெரியாதது கையில் தெரியுமா? இந்தக் காலத்திலும் இப்படித்தான் பார்க்கிறார்களா?"

ஆமாம், இந்தக் காலத்திலும் இப்படித்தான் பார்க்கிறோம். நானும் ஒரு பொது அறுவை சிகிச்சை மருத்துவன்தான். உங்கள் தம்பியைப் பார்க்காமல் அவருக்கு என்ன நோய் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் அந்த சர்ஜன் என்ன தேடுகிறார், ஏன் திரும்பத் திரும்ப வருகிறார் என்று சொல்லலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். அப்பெண்டிக்ஸ், அதாவது குடல்வால், கைக்குத் தட்டுப்படாது. பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலது பக்க அடிவயிற்றில், சுண்டுவிரலைவிட மெல்லியதாகத் தொங்கும் ஒரு குழாய் அது. வயிற்றுத் தசை, கொழுப்பு, குடல் என்று இத்தனைக்கும் பின்னால் இருப்பதை யாராலும் தொட்டு உணர முடியாது. நாட்கள் கடந்து, சுற்றியுள்ள குடலும் கொழுப்பும் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டால்தான் கைக்கு ஏதாவது அகப்படும். முதல் நாளில் கைக்குத் தெரிவது, வீங்கிய குடல்வால் வயிற்றின் உள்சவ்வை உரசி உண்டாக்கும் எரிச்சல். அந்த எரிச்சலை ஸ்கேன் படம் காட்டாது.

வலி எப்படி வருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். குடல்வாலின் வாய் அடைபடுகிறது. கெட்டிப்பட்ட மலத்துணுக்கு அடைக்கலாம், உள்ளே வீங்கிய நிணத்திசு அடைக்கலாம். உள்ளே சுரப்பது வெளியேற வழியில்லாமல் குழாய் விம்முகிறது. இந்தக் கட்டத்தில் வலியை மூளைக்குச் சொல்வது குடலின் நரம்புகள். அவற்றுக்கு இடம் சொல்லத் தெரியாது. அவை தண்டுவடத்தில் போய்ச் சேரும் மட்டத்தில்தான் தொப்புளைச் சுற்றிய தோலின் நரம்புகளும் சேர்கின்றன. அதனால் நோய் வலது பக்கம் கீழே இருக்க, வலி தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தெரிகிறது. சில மணி நேரம் போனதும் அழற்சி குழாயின் வெளிச்சுவருக்கு வந்து, வயிற்றின் உள்சவ்வைத் தொடுகிறது. அந்தச் சவ்வுக்கு உணர்வு தருவது வயிற்றுச் சுவரின் நரம்புகள். அவை இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். வலி தொப்புளை விட்டு வலது அடிவயிற்றுக்கு இறங்கி, அங்கேயே குத்த ஆரம்பிக்கும்.

அதனால்தான் பரிசோதனை கையில் தொடங்குவதில்லை, கேள்வியில் தொடங்குகிறது. வலி எப்போது ஆரம்பித்தது? அப்போது எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது? வாந்தி எடுத்தது வலிக்கு முன்பா, பின்பா? இதில் வரிசை ரொம்ப முக்கியம். குடல்வால் அழற்சியில் பெரும்பாலும் வலி முதலில் வரும், குமட்டலும் ஓரிரு முறை வாந்தியும் அப்புறம், லேசான காய்ச்சல் அதற்கும் அப்புறம். வாந்தியும் பேதியும் முதலில் கொட்டித் தீர்த்துவிட்டு, பிறகு வயிறு வலிக்கிறது என்றால் சாப்பாட்டுக் கோளாறின் பக்கம் மனசு போகும். தொடக்கத்திலேயே 103 டிகிரி காய்ச்சலும் குளிர் நடுக்கமும் என்றால் வேறு எதையோ தேட வேண்டும்.

பசியையும் கேட்போம். "சாப்பிடுறியா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லா நோயாளியும் வேண்டாம் என்றுதான் சொல்வான். அவனுக்குப் பிடித்தது எது என்று அம்மாவிடம் விசாரித்துவிட்டு, "பிரியாணி வாங்கி வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கண் மலர்ந்தால் சந்தேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். கொஞ்சம்தான். பசியோடு வந்து, குடல்வால் அழுகிய நிலையில் ஆபரேஷன் ஆனவர்களும் உண்டு.

இந்த வரிசையெல்லாம் புத்தகப்படி வருவது சுமார் பாதிப் பேருக்குத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மீதிப் பேரிடம் கதை கலைந்து கிடக்கும். அதற்கு நம் வீட்டு வைத்தியமும் ஒரு காரணம். முதல் ராத்திரி தொப்புளைச் சுற்றி வலிக்கும்போது அதைச் சூட்டு வலி என்பார்கள், வாயுப் பிடிப்பு என்பார்கள். தொப்புளில் எண்ணெய், ஒரு சோடா, மெடிக்கலில் ஒரு கேஸ் மாத்திரை. இதனால் பெரிய கேடில்லை, நேரம்தான் போகும். ஆனால் வயிற்றைச் சுத்தம் பண்ணினால் சரியாகிவிடும் என்று விளக்கெண்ணெய் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அடைபட்டு விம்மிக்கொண்டிருக்கும் குடல்வால் உள்ள வயிற்றில் குடலை முடுக்கிவிடுவது ஆபத்து.

சரி, கட்டிலுக்கு வருவோம். போனவுடன் வயிற்றில் கை வைக்கக் கூடாது என்று ஹவுஸ் சர்ஜன்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். முதலில் ஆள் எப்படிப் படுத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். சிறுநீரகக் கல் வலிக்காரர் ஓரிடத்தில் கிடக்க மாட்டார். புரளுவார், எழுந்து உட்காருவார், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வயிற்றின் உள்சவ்வு அழன்றவர் அசையாமல் கிடப்பார், பல நேரம் வலது காலை லேசாக மடக்கியபடி. யாராவது கட்டிலை இடித்தால் முகம் சுருங்கும்.

அடுத்து, ஒரு தடவை இருமச் சொல்வேன். "இருமினப்போ எங்க வலிச்சுது? ஒரு விரலால காட்டுங்க." உள்ளங்கையை விரித்து வயிறு முழுக்கத் தடவிக் காட்டுபவர் இன்னும் முதல் கட்டத்தில் இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். சுட்டுவிரல் தயங்காமல் வலது பக்கம் கீழே போய் நின்றால், நான் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது.

கை வைப்பது எப்போதும் இடது பக்கத்தில், வலிக்கும் இடத்துக்கு எட்டத்தில். கை சில்லென்று இருந்தால் வயிறு தானாகவே இறுகும், அதனால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். விரல்களின் தட்டையான பகுதியால் மெல்ல அழுத்தி, ஒவ்வொரு இடமாக நகர்ந்து, கடைசியாக வலது அடிவயிற்றுக்கு வர வேண்டும். கண் வயிற்றில் இருக்கக் கூடாது, முகத்தில் இருக்க வேண்டும். வலியை வாய் மறைத்தாலும் புருவம் காட்டிக்கொடுக்கும். நடுநடுவே பேச்சுக் கொடுப்போம்: எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள். பயத்தில் இறுக்கி வைத்திருந்த வயிறு பேச்சில் தளர்ந்துவிடும். உள்சவ்வின் எரிச்சலால் இறுகிய தசை எவ்வளவு பேசினாலும் தளராது. அதுவும் வலது பக்கம் மட்டும் இறுக்கமாக, இடது பக்கம் மெத்தென்று இருந்தால், அது நோயாளி வேண்டுமென்று செய்யக்கூடியது அல்ல. இந்த வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. கை பழக வேண்டும்.

அழுத்தும்போது அதிகமாக வலிக்கும் இடத்துக்கு ஒரு பெயர் உண்டு, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: மக்பர்னி புள்ளி. நியூயார்க் சர்ஜன் சார்லஸ் மக்பர்னி 1889-ல் எழுதியது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு நேர்கோடு போட்டால், எலும்பு முனையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்தில் வரும் இடம். ஒரே ஒரு விரலால் அழுத்தித்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். ஆனால் எல்லாருடைய குடல்வாலும் அந்தப் புள்ளிக்கு நேர் கீழே இருக்காது. அதன் நுனி எந்தப் பக்கமும் திரும்பியிருக்கலாம். அதனால் புள்ளி என்று எடுத்துக்கொள்ளாமல் வட்டாரம் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

அழுத்திவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்து, எடுக்கும்போது வலிக்கிறதா என்று பார்ப்பது ஒரு பழைய முறை. எனக்கு அது பிடிப்பதில்லை. வலி நிஜமாக இருந்தால் அது சித்திரவதை. அப்புறம் அந்த நோயாளி அடுத்தவர் கையை வயிற்றருகே விடவே மாட்டார். அதே தகவல் வயிற்றின் மேல் விரலால் லேசாகத் தட்டிப் பார்த்தாலே கிடைத்துவிடும். குழந்தைகளிடம் அதுவும் வேண்டாம். கட்டிலிலிருந்து இறங்கி ஒரு குதி குதிக்கச் சொன்னால் போதும். சிரித்துக்கொண்டே குதிக்கிற பிள்ளைக்கு உள்சவ்வு அழன்றிருக்க வாய்ப்பு குறைவு.

இதே தத்துவத்தில் ஒரு வேடிக்கையான ஆய்வு 2012-ல் இங்கிலாந்தில் வந்தது. ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், குடல்வால் அழற்சி சந்தேகத்தோடு வந்தவர்களிடம் "வரும் வழியில் ஸ்பீட் பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கியபோது வலி கூடியதா?" என்று கேட்டார்கள். ஸ்பீட் பிரேக்கர் தாண்டி வந்த 64 பேரில் 34 பேருக்கு நோய் உறுதியானது. அந்த 34 பேரில் 33 பேர் வலி கூடியது என்றவர்கள். அதே சமயம் நோய் இல்லாத 30 பேரில் 21 பேரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆக, வலி கூடியது என்பதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. கூடவில்லை என்று சொன்னவர்கள் 10 பேர், அவர்களில் ஒருவருக்குத்தான் நோய் இருந்தது. ரோட்டுக்கு ரோடு வேகத்தடை உள்ள நம் ஊரில் இந்தக் கேள்விக்குச் செலவே இல்லை. நானும் கேட்பதுண்டு.

இன்னும் சில சோதனைகள் இருக்கின்றன. இடது அடிவயிற்றை அழுத்தும்போது வலது பக்கம் வலித்தால் அது ரோவ்சிங் குறி, டென்மார்க் சர்ஜன் ஒருவரின் பெயரில் வழங்குவது. குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் முன்பக்கம் அழுத்தினாலும் பெரிதாக வலிக்காது. அப்போது நோயாளியை இடது பக்கம் திரும்பிப் படுக்க வைத்து, வலது தொடையைப் பின்னோக்கி இழுத்துப் பார்ப்போம். பின்வயிற்றுத் தசையை குடல்வால் உரசிக்கொண்டிருந்தால் வலிக்கும். இடுப்புக்குழிக்குள் தொங்கும் குடல்வால் இன்னும் தந்திரமானது. பக்கத்தில் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் இருப்பதால் அடிக்கடி சிறுநீர் வரும், பேதியும் போகும். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்றோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டு, நான்காம் நாள் சீழோடு திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

எல்லாருக்கும் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பது ஒரு காலத்தில் கட்டாயம். 1991-ல் பிரிட்டனில் வந்த ஒரு பெரிய ஆய்வு, வயிற்றிலேயே தெளிவான அறிகுறி இருந்தால் அந்தச் சோதனை புதிதாக ஒன்றும் சொல்வதில்லை என்று காட்டியது. குழந்தைகளுக்கு அது தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

அப்புறம், வயிற்றோடு நிறுத்தக் கூடாது. பையன் என்றால் விரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விரை முறுக்கிக்கொண்டாலும் வலி அடிவயிற்றில்தான் தெரியும், பையன் வெட்கத்தில் சொல்ல மாட்டான், சில மணி நேரத்தில் விரை செத்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா வந்தால் வயிறு வலிக்கும், அதனால் நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப் வைக்க வேண்டும். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண் என்றால், கல்யாணம் ஆனவரோ ஆகாதவரோ, கர்ப்பப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் போவது உயிர். வீட்டார் முறைத்தாலும் பரவாயில்லை.

இத்தனை குறிகள் இருந்தும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே முழுக்க நம்பத்தக்கதில்லை. 1996-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நோயைச் சுட்டிக்காட்டுவதில் முன்னால் நின்றவை மூன்று: வலது அடிவயிற்று வலி, தசை இறுக்கம், வலி தொப்புளிலிருந்து இடம் மாறிய கதை. சேர்த்துப் பார்க்கும்போதுதான் பலம் வருகிறது. இதை மதிப்பெண்ணாக்கியவர் அல்ஃப்ரெடோ அல்வராடோ என்ற மருத்துவர். 1986-ல் வந்த அவருடைய கணக்கை இன்றும் நம் கேசுவல்டிகளில் போடுகிறோம். மொத்தம் 10 மதிப்பெண். வலி இடம் மாறியதற்கு 1, பசியின்மைக்கு 1, குமட்டல் வாந்திக்கு 1. வலது அடிவயிற்றை அழுத்தினால் வலிப்பதற்கு 2, கையை எடுக்கும்போது வலிப்பதற்கு 1, காய்ச்சலுக்கு 1. ரத்தத்தில் வெள்ளணு கூடியிருந்தால் 2, அதில் இளம் அணுக்கள் மிகுந்திருந்தால் 1. கூட்டிப் பாருங்கள்: பத்தில் ஏழு, கேட்டும் தொட்டும் தெர்மாமீட்டர் வைத்தும் வருவது. ஸ்கேனுக்கு அதில் மதிப்பெண்ணே இல்லை. 4-க்குக் கீழ் வந்தால் குடல்வால் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. 7-க்கு மேல் வந்தால் சந்தேகம் வலுவானது. ஆனால் பெண்களிடம் இந்தக் கணக்கு கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டும்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு கம்ப்யூட்டரை வைத்து வயிற்று வலிக்குக் காரணம் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். 304 நோயாளிகள். கம்ப்யூட்டர் 91.8 சதவீதம் சரியாகச் சொன்னது, மூத்த மருத்துவர்கள் 79.6 சதவீதம். கம்ப்யூட்டர் ஜெயித்தது என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண்ணுமில்லை, கையுமில்லை, ஸ்கேனுமில்லை. டாக்டர்கள் ஒரு படிவத்தில் ஒன்று விடாமல் கேட்டுத் தொட்டுக் குறித்துக் கொடுத்ததைத்தான் அது கணக்குப் போட்டது. இன்னொரு விஷயமும் நடந்தது. அந்தப் படிவத்தை ஒழுங்காக நிரப்ப வேண்டியிருந்த காலத்தில் டாக்டர்களின் சொந்தத் தீர்ப்பும் துல்லியமானது. ஆய்வு முடிந்து படிவம் போனதும் பழைய நிலைக்குத் திரும்பியது. ராத்திரி இரண்டு மணிக்கு அரைகுறையாக அழுத்திப் பார்ப்பதற்கும் முறையாகப் பரிசோதிப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

இப்போது உங்கள் ஸ்கேனுக்கு வருகிறேன். "அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை" என்பதும் "அப்பெண்டிக்ஸ் நார்மல்" என்பதும் ஒன்றல்ல. தெரியவில்லை என்றால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். குடலில் வாயு நிறைந்திருந்தாலோ, வயிறு பருத்திருந்தாலோ, குடல்வால் பின்னால் ஒளிந்திருந்தாலோ அல்ட்ராசவுண்டில் அது அகப்படாது.

அல்ட்ராசவுண்டே பாதி கைப் பரிசோதனை என்பதும் பலருக்குத் தெரியாது. நெதர்லாந்தின் புயிலார்ட் என்ற கதிரியக்க மருத்துவர், அதே 1986-ல், ஸ்கேன் கருவியை வயிற்றில் படிப்படியாக அழுத்தி, வாயு உள்ள குடலை ஒதுக்கிவிட்டு குடல்வாலைத் தேடும் முறையை வெளியிட்டார். அழுத்தினால் நசுங்காமல், 6 மில்லிமீட்டருக்கு மேல் பருத்து நிற்கும் குழாய்தான் நோயுற்ற குடல்வால். ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பாருங்கள். வலது அடிவயிற்றில் கருவியால் அழுத்தும்போது வலி இருந்தது என்று எழுதியிருக்கலாம். குடல்வால் தெரியவில்லை என்ற வரியைவிட அந்த வரிக்குத்தான் சர்ஜன் அதிகம் மதிப்புக் கொடுப்பார்.

சரி, குடல்வால் நன்றாகவே தெரிந்து, நார்மல் என்று வந்தால்? அப்போதும் கையின் தீர்ப்பு வேண்டும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நோய் உள்ள 100 பேரில் 85 பேரைச் சரியாகப் பிடிக்கிற, நோய் இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விடுகிற ஒரு ஸ்கேன் என்று வைத்துக்கொள்வோம். கதையும் வயிறும் பளிச்சென்று பொருந்துகிற 100 பேரை எடுங்கள், அவர்களில் 80 பேருக்கு நிஜமாகவே நோய் இருக்கிறது. ஸ்கேன் 68 பேரைப் பிடிக்கும், 12 பேரைத் தவறவிடும். நோயில்லாத 20 பேரில் 18 பேருக்கு நார்மல் என்று சொல்லும். ஆக நார்மல் ரிப்போர்ட்டோடு வெளியே வருபவர்கள் 30 பேர், அவர்களில் 12 பேருக்கு நோய் இருக்கிறது. பத்தில் நாலு பேர்! இதே ஸ்கேனை, லேசான வயிற்று வலி என்று வருகிற 1000 பேருக்கு எடுங்கள், அவர்களில் 50 பேருக்குத்தான் நோய் என்று வைத்துக்கொண்டால், நோய் இருக்கிறது என்று ரிப்போர்ட் வாங்குகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நோயே இல்லாதவர்கள். மெஷின் அதேதான், படமும் அதேதான். யாரை அந்த மெஷினுக்கு அனுப்பினோம் என்பதைப் பொறுத்து ரிப்போர்ட்டின் பொருளே மாறுகிறது. அதைத் தீர்மானிப்பது பரிசோதனை.

சிடி ஸ்கேன் இதைவிட வெகு துல்லியம் என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்காவில் பெரியவர்களுக்குக் கிட்டத்தட்ட எல்லாருக்குமே எடுத்துவிடுகிறார்கள். அதனால் நல்ல குடல்வாலை வெட்டி எடுப்பது அங்கே வெகுவாகக் குறைந்திருக்கிறது. சிடியைக் கணக்காகப் பயன்படுத்தும் பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், வெட்டி எடுத்த குடல்வால் நன்றாகவே இருந்தது என்பது பெண்களில் நூற்றுக்குச் சுமார் 28, ஆண்களில் சுமார் 12. கை போதும், சிடி எதற்கு என்று வீம்பு பேசும் பெரிய டாக்டர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். இளம் பெண்களில் சினைப்பைக் கட்டி, சினைப்பை முறுக்கல், கருக்குழாய் அழற்சி என்று வலது அடிவயிற்றில் வலிக்க ஆயிரம் காரணம் இருக்கிறது. கையால் மட்டும் அவற்றைப் பிரித்துவிட முடியாது. வயதானவர்களில் பாதி அறிகுறி வெளியே தெரியாது, குடல்வால் வலி என்று வந்ததன் பின்னால் பெருங்குடல் புற்றுநோய் இருக்கலாம். நம் நாட்டில் குடல் காசநோயும் இதே இடத்தில்தான் வந்து உட்காரும். சர்க்கரை நோயாளி, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை, இவர்களுடைய வயிறு மெத்தென்று இருந்தாலும் நான் நம்ப மாட்டேன். நிறைமாதக் கர்ப்பிணிக்கு கருப்பை எல்லாவற்றையும் நகர்த்திவிட்டிருக்கும். இவர்களுக்கெல்லாம் ஸ்கேனை முன்கூட்டியே கேட்டுவிடுவதுதான் சரி.

ஆனால் உங்கள் தம்பி 22 வயது ஆண். இந்த வயதில் இந்த நோய்க்கு அறிகுறிகள் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சிடி எடுத்தால் கதிர்வீச்சு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். அவசரமில்லாத நிலையில், கூடவே வைத்திருந்து திரும்பத் திரும்பப் பார்ப்பது ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட வழி. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 1970-களில் குழந்தைகளின் வயிற்று வலிக்கு இதை முறையாகச் செய்துகாட்டினார்கள். சந்தேகமானவர்களை உடனே திறக்காமல், வீட்டுக்கும் அனுப்பாமல், வார்டில் வைத்துச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பது. குடல்வால் அழற்சி என்றால் சில மணி நேரத்தில் அது முன்னேறும்: வலி கீழே இறங்கும், தொட்டால் வலிக்கும் இடம் சுருங்கித் துல்லியமாகும், வயிறு இறுகும், நாடித்துடிப்பு ஏறும். சாதாரண வயிற்று வலி என்றால் அதே நேரத்தில் தணிந்துவிடும். ஒரு தடவை அழுத்திப் பார்த்ததில் தெரியாதது மூன்றாவது தடவையில் தெரிவது இப்படித்தான். கூடுமானவரை ஒரே ஆள் பார்க்க வேண்டும். காலையில் ஒருவர், மதியம் இன்னொருவர், ராத்திரி வேறொரு ட்யூட்டி டாக்டர் என்று கை மாறினால் கூடியதா குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் சர்ஜன் தானே திரும்பத் திரும்ப வருகிறார் என்றால் அவரை விட்டுவிடாதீர்கள்.

தம்பி வலியில் துடித்தால் ஊசி போடச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். வலி ஊசி போட்டால் அறிகுறி மறைந்துவிடும், சர்ஜன் பார்க்கும்வரை போடக் கூடாது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த பாடம். என் ஆசிரியர்களும் அதைத்தான் சொன்னார்கள். பிறகு நடந்த ஆய்வுகளில், மார்ஃபின் வகை மருந்தே கொடுத்தாலும் நோயைத் தவறாகக் கணிப்பது கூடவில்லை என்று தெரிந்தது. சொல்லப்போனால் வலி கொஞ்சம் அடங்கியவர்தான் தளர்ந்து படுத்து, ஒழுங்காகத் தொட விடுவார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அதிகமாக இருந்த வலி, மருந்தில்லாமல் திடீரென்று விட்டுவிட்டது, தம்பி "நல்லாயிருக்கு, வீட்டுக்குப் போலாம்" என்கிறார் என்றால், கிளம்பிவிடாமல் நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். விம்மிய குடல்வால் ஓட்டையாகி அழுத்தம் இறங்கினாலும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். அதன் பிறகு வயிறு முழுக்க வலி பரவும். இன்னொன்று, வாய்வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தால் அது தண்ணீருக்கும் இளநீருக்கும் சேர்த்துத்தான். ராத்திரியே தியேட்டருக்கு எடுக்க வேண்டி வந்தால் மயக்க மருந்து கொடுப்பவருக்குக் காலி வயிறு வேண்டும். நாக்கு வறண்டால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துவிடுங்கள், நீர்ச்சத்துக்கு ட்ரிப் ஓடிக்கொண்டிருக்கும்.